பயணியின் கதையும் பயணியின் படமும்: வரலாற்று மர்ம நாவல் பற்றிய ஒரு நோக்கு

பயணஞ் செய்வோர் ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொள்ளும் பொருட்களுள் இரண்டு முதன்மையானவை. வழியில் வாசித்து முடித்த நாவல் ஒன்று. வழியில் எடுத்த நிழற்படம் மற்றொன்று. கண்டியிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் புகையிரதத்திலும், மலைநாட்டு விடுதிகளின் முன்கூடங்களிலும் இவை கைமாறுவதை இன்று எவரும் காணலாம். நாவல்களுள்ளும் பயணிகள் பெரிதும் விரும்பி ஒருவருக்கொருவர் சிபாரிசு செய்வது, கடந்த காலமொன்றில் நிகழ்ந்த குற்றத்தையோ மறைபொருளையோ மையமாகக் கொண்ட வரலாற்று மர்ம நாவலையே ஆகும். இவ்விருப்பம் தற்செயலானதன்று. அறியாத ஊருக்கு வந்து சேரும் ஒருவனுக்கு அவ்வூரின் பழமையும் அதன் இரகசியமும் ஒருங்கே தேவைப்படுகின்றன. நாவல் அவனுக்கு இரகசியத்தைத் திறந்து காட்டுவதாக வாக்களிக்கிறது. நிழற்படம் அவன் அங்கு சென்றமைக்குச் சான்றாகிறது. இரண்டும் சேர்ந்து, சில நாட்களில் ஓர் இடத்தை அறிந்துவிட்டோம் என்ற மனநிறைவை அவனுக்கு அளிக்கின்றன.

அந்த அறிவு எத்தகையது என்பதே இக்கட்டுரையின் வினா. இதனை ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்று கேட்பது பொருத்தமாகும். கம்பளையிலிருந்து நுவரெலியா நோக்கி ஏறும் பெருந்தெருவில், கண்டி மாவட்டத்தின் தென் எல்லையை அண்டிக் கிடப்பது புசல்லாவை. இவ்வழியே செல்லும் உல்லாசப் பயணிகள் வாகனத்தை நிறுத்தி, தெருவோரத் தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களைப் படமெடுத்துச் செல்வர். கூடையும் பச்சை மலையும் புன்னகையும் அப்படத்தில் இருக்கும், பெயர் இராது. புசல்லாவையிற் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் படமெடுப்பவனின் பக்கத்திலிருந்தும் படத்தினுள்ளிருந்தும் இக்காட்சியைப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. அவ்விரு பார்வைகளும் சந்திக்கும் இடத்திலேதான் வரலாற்று மர்ம நாவல் பற்றிய இலக்கிய வினாவும் எழுகின்றது.

முதலில் இவ்விலக்கிய வகையின் இயல்பை நோக்குவோம். துப்பறியும் கதை பிற கதைகளைப்போல முன்னோக்கிச் செல்வதன்று. குற்றம் முன்னரே நிகழ்ந்துவிட்டது. கதை அதன் காரணத்தைத் தேடிப் பின்னோக்கிச் செல்கிறது. எஞ்சிய தடயங்களைச் சேர்த்தல், சாட்சியங்களை ஐயுறுதல், யார் பயனடைந்தார் என வினவுதல் என்பன துப்பறிவோனின் தொழில். வரலாற்றாசிரியனின் தொழிலும் இதுவே. எனவே துப்பறியும் கதை ஒவ்வொன்றும் சிறிய அளவிலான வரலாற்றாய்வு எனலாம். வரலாற்று மர்ம நாவல் இவ்வொற்றுமையை வெளிப்படையாக ஏற்றுக்கொள்ளும் வடிவமாகும்.

ஜோசபின் டே என்னும் புனைபெயரில் எழுதிய ஸ்கொட்லாந்துப் பெண்மணியின் ‘காலத்தின் மகள்’ என்னும் நாவல் 1951 இல் வெளிவந்தது. இதிலே துப்பறிவோன் கால் முறிந்து மருத்துவமனைக் கட்டிலிற் கிடக்கிறான். பொழுதுபோக்கிற்காகக் கொண்டுவந்து கொடுக்கப்பட்ட படங்களுள் ஒன்று, இங்கிலாந்து மன்னன் மூன்றாம் ரிச்சர்டின் உருவப்படம். தன் உடன்பிறந்தோனின் புதல்வர் இருவரைக் கொல்வித்தவன் எனப் பாடநூல்கள் பழிக்கும் மன்னன் அவன். அம்முகம் கொலைஞனின் முகமாகத் தோன்றாமையால் ஐயம் பிறக்கிறது. ஐயத்திலிருந்து ஆய்வு தொடங்குகிறது. கட்டிலைவிட்டு நகராத ஒருவன் நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய வழக்கொன்றை மறுவிசாரணை செய்கிறான். எமது வினாவிற்கு இந்நாவல் தரும் பாடம் பெரிது. ஒரு படம் பார்வையின் முடிவாகவும் இருக்கலாம், விசாரணையின் தொடக்கமாகவும் இருக்கலாம். படத்தை ஏட்டில் ஒட்டி மூடிவைப்பவன் சுற்றுலாப் பயணி. அதைப் புரட்டிப் பின்புறத்தில் என்ன எழுதப்பட்டுள்ளது என்று தேடுபவன் வாசகன்.

ஆயினும் இந்நாவலின் எல்லையும் இங்கேயே தெரிகிறது. இத்துணை உழைப்பும் எவருக்காக? ஒரு மன்னனின் நற்பெயருக்காக. வரலாறு மன்னனுக்கு இழைத்த அநீதி துலக்கப்படுகிறது. மன்னர்களின் போர்களிலே பெயரின்றி மாண்டவர்கள் பற்றிய வழக்கு பதியப்படவேயில்லை. இதனோடு ஒப்பிடத்தக்கது இத்தாலியப் பேராசிரியர் உம்பர்த்தோ ஈக்கோவின் ‘ரோஜாவின் பெயர்’ (1980). 1327 ஆம் ஆண்டில் ஒரு மடாலயத்தில் துறவிகள் ஒருவர்பின் ஒருவராக இறக்கின்றனர். கொலைகளின் காரணம் அரிஸ்டோட்டிலின் தொலைந்துபோன நூற்பகுதி ஒன்றை எவரும் வாசித்துவிடக்கூடாது என்ற வெறி. அறிவைப் பூட்டிவைப்போர் யார் என்ற கேள்வியாக மர்மம் விரிவடைகிறது. அதைவிட முக்கியமான ஒன்று கதையின் ஓரத்திலே நிகழ்கிறது. பசிக்காக மடாலயத்துள் வந்த குடியானவப் பெண் ஒருத்தி சூனியக்காரியெனப் பிடிபட்டு நெருப்புக்கு அனுப்பப்படுகிறாள். கதை சொல்லும் இளந்துறவி நேசித்த ஒரே பெண் அவள். அவளுடைய பெயரை அவன் என்றுமே அறியவில்லை. துறவிகளின் மரணங்களுக்கு விடை கிடைத்துவிடுகிறது. அப்பெண்ணின் மரணமோ எவரும் துப்பறியாத மரணமாக நின்றுவிடுகிறது. ஈக்கோ அதனை மூடிமறையாது வாசகனின் மனத்தில் முள்ளாக விட்டுச் செல்கிறார். எவருடைய மரணம் மர்மமாகக் கருதப்படுகிறது, எவருடைய மரணம் சாதாரண நிகழ்ச்சியாகக் கழிக்கப்படுகிறது என்பதே இவ்விலக்கிய வகையை மதிப்பிடுவதற்குரிய அளவுகோல் என்று கூறத் தோன்றுகிறது.

இவ்வளவுகோலைத் தமிழ் நாவலுக்குப் பொருத்திப் பார்க்குமுன், எமது நாட்டிற்கும் இவ்வகைக்கும் உள்ள பழைய உறவை நினைவுகூர்தல் நன்று. இலங்கையில் தோன்றிய முதல் தமிழ் நாவலெனக் கொள்ளப்படும் ‘அசன்பேயுடைய கதை’யை 1885 இல் வெளியிட்டவர் கண்டியிற் பிறந்த அறிஞர் சித்திலெப்பை. எகிப்திலே உயர்குடியிற் பிறந்த குழந்தை கடத்தப்பட்டு, இந்தியாவில் வளர்ந்து, ஈற்றில் தன் பிறப்பின் உண்மையைக் கண்டடைவதே அதன் கதை. பயணமும் மறைபொருளும் அங்கு பிரிக்கமுடியாதவாறு பிணைந்துள்ளன. பத்தாண்டுகளின் பின், 1895 இல், திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ வெளிவந்தது. நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்ட இதனைத் தமிழின் முதல் வரலாற்று நாவலென ஆய்வாளர் குறிப்பிடுவர். அதற்கு முந்திய ஆண்டில் தமிழகத்தில் நடேச சாஸ்திரியார் ‘தானவன்’ என்னும் பொலிஸ் நிபுணனின் கதைகளை வெளியிட்டு, துப்பறியும் புனைகதைக்குத் தொடக்கம் செய்திருந்தார். ஆகவே தமிழில் வரலாற்று நாவலும் துப்பறியும் கதையும் ஏறக்குறைய ஒரே வேளையில் பிறந்த உடன்பிறப்புகள் எனலாம். ஆனால் அவை விரைவிலேயே தனிவழி சென்றன. துப்பறியும் கதை ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் முதலியோரின் கைகளில் ஆங்கில மாதிரிகளைத் தழுவிப் பெருகிற்று. வரலாற்று நாவல் அரண்மனைக்குள் புகுந்தது.

இவ்விரு வழிகளும் மீண்டும் சந்தித்த இடம் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. 1950 ஒக்ரோபரிலிருந்து 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வெளிவந்த இந்நாவல், தமிழர் பயணங்களில் மிகுதியாகச் சிபாரிசு செய்யப்படும் நூல்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. அது தொடங்குவதே பயணத்தில். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையேறிவரும் வந்தியத்தேவன் ஒரு சுற்றுலாப் பயணியின் கண்களோடுதான் சோழநாட்டைக் காண்கிறான். இரண்டாம் பாகத்தில் அவன் கடல் கடந்து ஈழத்திற்கும் வருகிறான். தம்புள்ளையும் அனுராதபுரமும் கதைக்களமாகின்றன. கல்கி ஈழத்திற்கு நேரில் வந்து இடங்களைப் பார்த்தவர். ஓவியர் மணியத்தின் சித்திரங்கள் வாராவாரம் அவ்விடங்களையும் மாந்தரையும் வாசகருக்குக் காட்டின. கமராவைக் கையாலும் தொடாத பல்லாயிரம் குடும்பங்களுக்கு அச்சித்திரங்களே பயணப் படங்களாயின. இதழ்களிலிருந்து தொடரைக் கிழித்தெடுத்துத் தைத்துக் கட்டி, வீட்டுக்கு வீடு இரவல் கொடுத்து வாசித்த தலைமுறைக்கு நாவலும் படமும் ஒன்றாகவே கைமாறின. 2022, 2023 ஆம் ஆண்டுகளில் மணிரத்தினத்தின் திரைப்படம் இரு பாகங்களாக வெளிவந்தபின், கதையில் வரும் இடங்களைத் தேடிச் சென்று படமெடுத்துவரும் ஆர்வம் மேலும் வளர்ந்தது.

இந்நாவலின் மையத்தில் உண்மையான கொலை ஒன்று உண்டு. பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கொல்லப்பட்டான். கொலையாளிகள் பற்றிய சான்றைத் தருவது காட்டுமன்னார்கோயிலையடுத்த உடையார்குடிக் கல்வெட்டு. முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டிற்குரிய அச்சாசனம் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைத் துரோகிகளெனப் பெயர் சுட்டுகிறது. கொலைக்கும் தண்டனைக்குமிடையே உத்தம சோழனின் ஆட்சிக்காலம் முழுவதும் கழிந்துவிட்டது. இத்தாமதத்தைக் கண்டு நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன்மீது ஐயங்கொண்டார்; சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார். கல்கியோ கொன்றவர் இன்னார் என்று ஐயத்திற்கிடமின்றிக் கூறாமலே நாவலை முடித்துவிட்டார். இதனைக் குறையாகச் சொல்வோர் உளர். எமது எண்ணத்தில் அது நேர்மையான முடிவே. சான்றுகள் அமைதி காக்கும் இடத்தில் நாவலாசிரியன் பொய்ச்சாட்சி சொல்லாமல் விட்டது பாராட்டற்குரியது.

கல்கி தவறவிட்டது வேறொன்று. அக்கல்வெட்டு அடிப்படையில் ஒரு நில ஆவணம். துரோகிகளினதும் அவர்தம் உறவினரதும் உடைமைகள் பறிக்கப்பட்டமையும், அந்நிலம் கைமாறியமையுமே அதன் பொருள். குற்றம் செய்தவர்களோடு அவர்களைச் சார்ந்தோரும் நிலமிழந்தனர். ஓர் அரண்மனைக் கொலை பல ஆண்டுகளின் பின் ஒரு கிராமத்தில் சில குடும்பங்களை வேரோடு பெயர்த்தது. அக்குடும்பங்களின் பெண்களும் பிள்ளைகளும் எங்கு சென்றனர்? அந்நிலத்தில் உழுதவர்களுக்கு என்ன நேர்ந்தது? கல்கியின் நாவல் கல்வெட்டிலிருந்து சிம்மாசனத்தை நோக்கி ஏறுகிறது. அதே கல்வெட்டிலிருந்து கிராமத்தை நோக்கி இறங்கியிருக்கவும் கூடும். ஆற்றையும் ஏரியையும் விழாக்கூட்டத்தையும் அத்துணை உயிர்ப்போடு எழுதிய அவருடைய பேனாவுக்கு அது இயலாததன்று. ஆனால் அவர்காலத் தமிழ் வாசகர் வேண்டியது இழந்த பெருமையின் காட்சி. பயணி வேண்டுவதும் அதுவே. காட்சியைத் தரும் நூல் மர்மத்தையும் காட்சியாகவே தருகிறது.

இங்கு எமது விமர்சன மரபு பற்றி ஒரு சொல் கூறவேண்டும். பேராசிரியர் கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) நாவலைச் சமூக வரலாற்றோடு இணைத்து நோக்கும் நெறியை எமக்குத் தந்தது. அந்நெறிவழி வந்தோர் மன்னர்காலக் கதைகளையும் துப்பறியும் கதைகளையும் பெரும்பாலும் வணிக எழுத்தென ஒதுக்கினர். சந்தையில் மலிந்து கிடந்த நூல்களை நோக்குமிடத்து அத்தீர்ப்பு நியாயமானதே. ஆயினும் நூல்கள்மீது சொல்லவேண்டிய தீர்ப்பை வடிவத்தின்மீதும் சொல்லிவிட்டோமோ என்று இன்று எண்ண வேண்டியுள்ளது. யார் பயனடைந்தார், யார் மௌனமாக்கப்பட்டார், ஆவணத்தை எழுதியவன் எவன் என்று வினவும் வடிவம் முற்போக்கு விமர்சனத்திற்கு அந்நியமானதாக இருக்க முடியாது. அதன் கேள்விகள் எமது கேள்விகளே. அவ்வடிவத்தை நாம் கைவிட்டபோது, அதைப் பிறர் எடுத்து எமது மலைகளைப்பற்றி எழுதத் தொடங்கினர்.

அதற்கு எடுத்துக்காட்டு, பிரித்தானிய எழுத்தாளர் டைனா ஜெபரீஸின் ‘தேயிலைத் தோட்டக்காரரின் மனைவி’ (2015). ஆங்கிலத்தில் பெருவிற்பனை கண்டு, மலைநாட்டிற்கு வரும் பயணிகள் பலரின் கைகளில் காணப்படும் நூல் இது. 1920களில் இளம்பெண் குவென், தன் கணவனான தோட்டத்துரையிடம் இலங்கை வந்து சேர்கிறாள். துரையின் முதல் மனைவியைப் பற்றி எவரும் வாய்திறப்பதில்லை. பூட்டிய பெட்டிகளும் பேசாத வேலையாட்களும் பங்களாவை நிறைத்துள்ளனர். குவெனுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறக்கின்றன. ஒன்றின் நிறம் கறுப்பு. அக்குழந்தையை அவள் மறைத்துவிடுகிறாள். ஆண்டுகள் கழிந்தபின் துரையின் வம்சத்திலேயே மறைக்கப்பட்டிருந்த உண்மை வெளிவருகிறது.

கதை திறம்படக் கட்டப்பட்டுள்ளது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். வெள்ளையர் சமூகத்தின் நிறவெறியே அந்த மர்மத்தின் வேர் என ஆசிரியை காட்டுவதும் மதிக்கத்தக்கது. தொழிலாளரின் துன்பத்தை அவர் கண்டுகொள்ளாமலும் இல்லை. எனினும் கதையின் பூட்டும் சாவியும் பங்களாவினுள்ளேயே இருக்கின்றன. லயங்களில் வாழ்வோர் துன்பப்படுகின்றனர். ஆனால் அவர்களிடம் இரகசியம் இல்லை. மர்ம நாவலில் இரகசியம் உடையவனே முழு மனிதன். இரகசியம் இல்லாதவன் பின்னணி. இரக்கத்தோடு வரையப்பட்ட பின்னணியும் பின்னணியே. ஓடும் வாகனத்திலிருந்து எடுக்கப்பட்ட கொழுந்துப் பெண்ணின் படத்திற்கும் இதற்கும் உள்ள உறவு இதுதான்: இரண்டிலும் நாம் காணப்படுகிறோம், இரண்டிலும் எம்மிடம் எதுவும் கேட்கப்படுவதில்லை.

படத்தின் கதையும் இத்தகையதே. ஒளிப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1875 இல் இலங்கையில் குடியேறி, 1879 இல் மலைநாட்டில் இறந்தார். பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அவரது கல்லறை உள்ளது. இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் கவிஞர் டெனிசனும், அறிஞர் டார்வினும், வானியலாளர் ஹேர்ஷலும் பெயரோடு வாழ்கின்றனர். இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அவற்றிலுள்ளோர் பெரும்பாலும் ‘களுத்துறைக் குடியானவர்’ என்றாற்போலக் குழுப்பெயராலேயே அறியப்படுகின்றனர். கலைஞர் ஒருவரே, கமராவும் அதுவே, கண்ணும் அதுவே. கடல் கடந்ததும் பெயர் மட்டும் உதிர்ந்துவிட்டது. அதே காலப்பகுதியில் கண்டியில் ஒளிப்பட நிலையம் நடத்திய சார்ல்ஸ் ஸ்கோவன் போன்றோரின் தோட்டக் காட்சிகள் பயணிகளின் ஏடுகளில் ஒட்டப்பட்டு ஐரோப்பா சென்றன. பின்னர் தபாலட்டைகள் வந்தன. ஒவ்வொரு படமும் ஒரு மர்மத்தின் தொடக்கமாகியிருக்கலாம். ஆனால் முகத்தைப் பார்த்து ஐயுறுவதற்கு ஜோசபின் டேயின் துப்பறிவோன்போல ஒருவரும் முன்வரவில்லை. ஏனெனில் அவை மன்னரின் முகங்களல்ல.

ஆயின் எமது மலைகளில் மர்மத்திற்குப் பஞ்சமா? புசல்லாவையைச் சுற்றி ஒரு நாட் தொலைவுக்குள் பார்த்தாலே போதும். கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் தொடங்கிய கோப்பித் தோட்டத்திலிருந்துதான் தமிழ்த் தொழிலாளர் வரவு கணக்கிடப்படுகிறது. அதன் இருநூறாம் ஆண்டையொட்டி 2023 ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நினைவு நடைபயணம் ஒன்று மேற்கொள்ளப்பட்டது. அதே வழியில் கோப்பிக் காலத்தில் நடந்து வந்தவர்களுள் பசியாலும் நோயாலும் காட்டில் வீழ்ந்தோர் எத்தனை பேர்? அவ்வெண்ணிக்கை பற்றி வரலாற்றாசிரியர் இன்றும் வாதிடுகின்றனர். எண்ணிக்கையே விவாதத்திற்குரியதாயின் பெயர்களைப்பற்றிக் கூறவேண்டியதில்லை. புசல்லாவையிலுள்ள ரொத்சைல்ட் தோட்டத்தை 1840களின் தொடக்கத்தில் திறந்தவர்கள், ரொத்சைல்ட் வங்கிக் குடும்பத்தின் உறவினரான வோம்ஸ் சகோதரர்கள். சீனத் தேயிலையை அங்கு அவர்கள் பரீட்சார்த்தமாக நட்டமை, 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்குமுன்னரே நிகழ்ந்தது. துரைமாரின் உறவுமுறைகூட ஏட்டில் உள்ளது. காட்டை வெட்டி அக்கன்றுகளை ஊன்றியவர் எவரென்று எந்தப் பயண நூலும் சொல்வதில்லை.

இன்னும் நேரடியான வழக்கொன்றும் உண்டு. 1939 தொடங்கி மலைநாட்டுத் தோட்டங்களில் வேலைநிறுத்த அலை எழுந்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். 1941 இல் புசல்லாவைக்கு அணித்தான புப்புரஸ்ஸையிலுள்ள ஸ்டெலன்பேர்க் தோட்டத்தில், தொழிற்சங்கப் பிணக்கு முற்றியிருந்த வேளையில், தோட்டத்துரை போப் கொல்லப்பட்டார். தொழிலாளர் இருவர், வீராசாமியும் வேலாயுதமும், 1942 இல் தூக்கிலிடப்பட்டனர். ஒரு கொலை, ஒரு விசாரணை, இரு தூக்குத் தண்டனைகள்: துப்பறியும் நாவலொன்றுக்குரிய எலும்புக்கூடு முழுவதும் இங்குண்டு. ஆனால் இங்கு கேட்கவேண்டிய கேள்வி ‘கொன்றவர் யார்’ என்பது மட்டுமன்று. அத்துணைக் கோபம் எவ்வாறு திரண்டது? லயத்திற் பேசப்பட்டது என்ன? சாட்சி சொன்னவன் எதனால் சொன்னான், சொல்லாதவன் எதனால் மௌனங்காத்தான்? தமிழில் மட்டும் பேசத் தெரிந்தவனின் கூற்று நீதிமன்றத்தின் ஆங்கில ஏட்டில் எவ்வாறு உருமாறிற்று? கோவிந்தனின் உயிருக்கும் துரையின் உயிருக்கும் சட்டம் இட்ட விலை ஒன்றா? இக்கேள்விகளைக் கேட்கும் நாவல் மர்மமும் வரலாறும் ஒன்றாகிய நாவலாக இருக்கும். அது ஒருவரைக் குற்றமற்றவரென நிறுவவேண்டிய தேவையுமில்லை, கொலையைப் போற்றவேண்டியதுமில்லை. ஈக்கோ செய்ததுபோல, தீர்ப்பிற்கு வெளியே நின்றுவிட்டவர்களை வாசகனின் கண்முன் நிறுத்தினாற் போதும்.

மலையக எழுத்தாளர் கடந்த காலத்தைத் தொடாமலில்லை. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ (1964) தமிழகத்திலிருந்து தோட்டத்திற்கு வந்தோரின் வாழ்வை நாவலாக்கிற்று. சி. வி. வேலுப்பிள்ளை தோட்ட மக்களின் வாழ்வையும் வாய்மொழிப் பாடல்களையும் எழுத்திற் பதிந்தார். தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ (1974) லயத்து வாழ்வை உள்ளிருந்து காட்டியது. சாரல்நாடன் வரலாற்று ஆவணங்களைத் தேடித் தொகுத்தார். இப்பெருமுயற்சிகள் இல்லையேல் நாம் இன்று பேசவும் இயலாது. ஆயினும் இவற்றுட் பெரும்பாலானவை சாட்சியம் கூறும் எழுத்துக்கள். இப்படி வாழ்ந்தோம், இப்படித் துன்புற்றோம் என முறையிடுபவை. சாட்சியத்தின் அடுத்த படி விசாரணை. சாட்சி நேரே கண்டதைச் சொல்கிறான். கண்டவர்கள் அனைவரும் மறைந்தபின் எஞ்சிய தடயங்களைக்கொண்டு உண்மையை அணுகவேண்டிய நிலை வருகிறது. கோப்பிக் காலத்தைப் பொறுத்தவரை அந்நிலை என்றோ வந்துவிட்டது. தேயிலையின் தொடக்க காலத்திற்கும் இன்று வந்துவிட்டது. விசாரணையின் வடிவமான மர்ம நாவலை நாம் எடுத்தாளவேண்டிய வேளை இதுவே.

தடயங்கள் எவை? தோட்டத்தின் செக்ரோல், கங்காணியின் கணக்குக் கொப்பி, கடனின் பேரால் ஆட்களைத் தோட்டத்திற்குத் தோட்டம் கைமாற்றிய துண்டுச் சீட்டு, வரும் வழியில் ஆளடையாளமாகக் கொடுக்கப்பட்ட, எண் பொறித்த தகரத் துண்டு, பிரசைகள் அல்லர் என 1948 இன் சட்டத்தால் ஆக்கப்பட்டபின் நிரப்பப்பட்ட விண்ணப்பங்கள். இவற்றோடு படங்களும் உண்டு. 1964 ஒக்ரோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். கடவுச்சீட்டிற்காக எடுத்த படமே பலருக்கு வாழ்வில் முதற் படமாயிற்று. தலைமன்னாரில் கப்பலேறியவர்களும் இங்கே தங்கிவிட்டவர்களும் பின்னர் கடிதத்தோடு படங்களைப் பரிமாறிக்கொண்டனர். நீலகிரியிலிருந்து ஒரு திருமணப் படம் இங்கு வரும், புசல்லாவையிலிருந்து ஒரு குழந்தையின் படம் அங்கு செல்லும். பயணிகளின் படப் பரிமாற்றம் என்றால் எமக்கு நினைவுக்கு வரவேண்டியது இதுவும் அல்லவா? இப்படங்களின் பின்புறத்தில் பெயர் உண்டு, உறவுமுறை உண்டு, திகதி உண்டு. ஸ்கோவனின் படங்களில் இல்லாதவை யாவும் இவற்றில் உள்ளன. இவை லயத்து அறைகளின் தகரப் பெட்டிகளில் கறையான் வாய்ப்பட்டு அழிந்துகொண்டிருக்கின்றன என்பதை எண்ணுமிடத்து, இது இலக்கியப் பிரச்சினை மட்டுமன்று என்பது தெளிவாகும்.

இறுதியாக ஒரு மறுப்பை எதிர்கொள்ளல் வேண்டும். துயரத்தைச் சுவையான மர்மக் கதையாக்குதல் அத்துயரத்தை விற்பதாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முடிச்சை அவிழ்த்ததும் மனம் ஆறிவிடும் வகையில் எழுதப்படும் கதை அத்தகைய விற்பனையே. ஆனால் அவ்வடிவத்தின் சிறந்த ஆக்கங்கள் மனத்தை ஆறவிடுவதில்லை. மைக்கல் ஒண்டாச்சியின் ‘அனிலின் ஆவி’ (2000) ஒரு மனித எலும்புக்கூட்டின் பெயரைத் தேடும் கதை. அகழ்வாய்வுக்குரிய பழைய எலும்புகளிடையே அண்மையிற் கொல்லப்பட்ட ஒருவனின் எலும்புகள் மறைத்துவைக்கப்பட்டுள்ளன. பெயர் கிடைத்த பின்னும் நீதி கிடைப்பதில்லை. பெயரை அறிதலும் நீதியை அடைதலும் ஒன்றல்ல என்பதே அந்நாவல் வாசகன்மீது ஏற்றும் சுமை. அத்தகைய சுமையை ஏற்றும் நூல் விற்பனைப் பொருளாக முடிந்துவிடுவதில்லை.

எனவே பயணிகள் நாவல்களைப் பரிமாறுவதையோ படங்களைக் காட்டிக்கொள்வதையோ இகழ்வது எமது நோக்கமன்று. வாசிப்பு இவ்வாறுதான் பரவுகிறது. எமது முன்னோரும் தைத்துக் கட்டிய தொடர்கதைகளை இவ்வாறே கைமாற்றி வாசித்தனர். கைமாறும் நூல் எவருடைய மரணத்தை விசாரிக்கிறது, எவருடைய மரணத்தை மலைக்காட்சியின் ஒரு பகுதியாக விட்டுவிடுகிறது என்று வினவும் வாசகரே இன்று வேண்டப்படுவோர். பேராதனையில் தமிழும் வரலாறும் சமூகவியலும் பயிலும் மலையக மாணவர் தொகை முன்னெப்போதையும்விட இன்று மிகுதி. தத்தம் வீட்டுத் தகரப் பெட்டியிலுள்ள ஒரு படத்தை எடுத்து, அதிலுள்ளோர் யாவர், எங்கிருந்து வந்தனர், எதனால் அப்படத்தில் ஒருவர் மட்டும் இல்லை என்று வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டு எழுதிவைப்பார்களாயின், எழுதப்படவேண்டிய நாவலின் முதல் அத்தியாயத்திற்குரிய சான்றுகள் அங்கே சேர்ந்துவிடும். முதியோர் இருக்கும்போதே அதனைச் செய்தல் வேண்டும்.